மெக்சிகோ நாட்டுச் சின்னம்: கழுகின் வாய்க்குப் பாம்பு எப்போது வந்தது?

வடகரையான்

வார இதழ் ஒன்றில் மெக்சிகோ பற்றிய பயணக் கட்டுரை வந்திருந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. அந்த நாட்டின் சின்னம் எழுநூறு ஆண்டுகளாக மாறாமல் நிற்கிறதாம்.

சின்னம் பலருக்கும் தெரிந்திருக்கும். பாறையில் முளைத்த சப்பாத்திக்கள்ளி, அதன்மேல் கழுகு, கழுகின் அலகில் பாம்பு. மெக்சிகோ கொடியின் நடுவில் இருப்பது இதுதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெஷீக்கா மக்கள் (நாம் அஸ்டெக் என்று சொல்கிறவர்கள்) வடக்கே அஸ்த்லான் என்ற இடத்திலிருந்து கிளம்பிக் குடியேற நிலம் தேடி அலைந்தார்கள். கள்ளியின்மேல் கழுகு அமர்ந்திருக்கும் இடமே உங்கள் இடம் என்று அவர்களுடைய போர்த் தெய்வம் ஹுயிட்சிலோபோச்ட்லி அடையாளம் சொல்லியிருந்தது. டெஸ்கோகோ ஏரியின் நடுத்திட்டில் அந்தக் காட்சியைக் கண்டு, 1325இல் தெனோச்டிட்லான் நகரத்தை நிறுவினார்கள். இன்றைய மெக்சிகோ நகரம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

என் சந்தேகம் பாம்பைப் பற்றியது. மெந்தோசா சுவடி என்ற பழைய ஓவியச் சுவடியின் முதல் பக்கங்களில் இதே காட்சி இருக்கிறது. கழுகு உண்டு, கள்ளி உண்டு, கல் உண்டு. பாம்பு இல்லை. அப்படியானால் அது எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லெழுத்து

நல்ல கேள்வி. மெந்தோசா சுவடியிலிருந்தே தொடங்கலாம்.

அது ஏறத்தாழ 1541இல் எழுதப்பட்டது. 1521இல் தெனோச்டிட்லான் ஸ்பானியர்களிடம் வீழ்ந்து இருபது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வரைந்தவர்கள் உள்ளூர் ஓவியர்கள். இப்போது ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த விதமே தனிக் கதை: ஸ்பெயினுக்குப் போன கப்பலைப் பிரெஞ்சுக் கடற்கொள்ளையர்கள் பிடித்தார்கள், சுவடி பிரெஞ்சு அரசவையின் புவியியலாளர் ஒருவர் கைக்குப் போனது, அவரிடமிருந்து ஓர் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்.

நீங்கள் சொல்லும் பக்கத்தில் நகரம் ஒரு சதுரம். இரண்டு நீல வாய்க்கால்கள் அதைக் குறுக்காக வெட்டி நான்கு பகுதிகளாக்குகின்றன. சுற்றிலும் நகரை நிறுவிய பத்துப் பேர் அமர்ந்திருக்கிறார்கள். வாய்க்கால்கள் சந்திக்கும் நடுப்புள்ளியில் கல், கல்லின்மேல் கள்ளி, கள்ளியின்மேல் கழுகு. கழுகின் அலகிலும் கால்களிலும் எதுவும் இல்லை. அந்தக் கல்லும் கள்ளியும் சேர்ந்தால் அதுவே நகரத்தின் பெயரை எழுதும் முறை. அதாவது கீழ்ப்பாதி ஊர்ப்பலகை, மேலே இருக்கும் கழுகு சூரியன், அதாவது அவர்களுடைய தெய்வம்.

இதைவிடப் பழைய சான்று கல்லில் இருக்கிறது. மெக்சிகோ நகர மானிடவியல் அருங்காட்சியகத்தில் படிக்கட்டுக் கோயில் வடிவில் ஒரு சிற்பம் உண்டு. "புனிதப் போரின் கோயில்" என்று அழைக்கிறார்கள். தேசிய அரண்மனையின் அடித்தளத்தில் 1831இலேயே கண்ணில் பட்டும் 1926இல்தான் அதை வெளியே எடுத்தார்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன், இரண்டாம் மோக்டெசுமா காலத்தில் செதுக்கியது. அதன் பின்புறத்தில் கள்ளியும் கழுகும் இருக்கின்றன. கள்ளிப் பழங்கள் மனித இதயங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கழுகின் அலகிலிருந்து ஏதோ ஒன்று நெளிந்து இறங்குகிறது. பாம்பு என்று அவசரப்பட வேண்டாம். நீரோட்டமும் நெருப்போட்டமும் பின்னிய அந்த உருவத்துக்கு "அட்ல்-ட்லாச்சினோல்லி" என்று பெயர். மெஷீக்காக்களிடம் அது போரின் குறி. இந்தச் சிற்பத்தை 1927இல் விரிவாக விளக்கியவர் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ.

ஆகவே ஸ்பானியருக்கு முந்திய இந்தக் கல்லில் கழுகு போர் முழக்கம் செய்கிறது. பாம்பைத் தின்னவில்லை.

குதர்க்கி

எழுநூறு ஆண்டு என்ற கணக்கைப் பற்றி ஒரு சிறு தகவல். 2021 மே மாதம் மெக்சிகோ அரசு தெனோச்டிட்லானின் 700ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. 1325 என்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆண்டு என்று வரலாற்றாசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 2025இல் அடுத்த அதிபர் வந்து அதே 700ஆம் ஆண்டு விழாவை மறுபடியும் கொண்டாடினார். நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை எழுநூறு வயது நிறைந்த நகரம் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. வார இதழ்க்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

ஆதிக்குமரி

கழுகும் பாம்பும் நம் கருடனும் நாகமும்தானே? மாயன் என்ற பெயரே தமிழ். நம் முன்னோர் கடல் கடந்து போய் வைத்த சின்னம் இது என்று ஒரு காணொளியில் ஆதாரத்துடன் விளக்கியிருந்தார்கள். இங்கே யாரும் அதைப் பேசமாட்டேன் என்கிறீர்கள்.

கல்லெழுத்து

ஆதிக்குமரி ஐயா, மாயர்கள் வேறு, மெஷீக்காக்கள் வேறு. மொழி வேறு, நிலம் வேறு, காலமும் வேறு. மாயர்களின் பெருநகரங்கள் காடு மூடிப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் தெனோச்டிட்லானே எழுந்தது. கழுகு பாம்பைத் தூக்குவதைக் கண்ணால் பார்த்த மக்கள் எல்லோருமே அதை வரைந்திருக்கிறார்கள். அதற்குக் கப்பல் ஏறிப் போய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, நாம் பேசிக்கொண்டிருப்பதே அங்கே முதலில் பாம்பு இல்லை என்பதைப் பற்றித்தான்.

நெறியாளர்

குமரிக்கண்டத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே மெக்சிகோவிலேயே இருப்போம்.

நாணயப்பிரியன்

வடகரையான் கேட்ட "எப்போது" என்ற கேள்விக்கு வெள்ளியில் வார்த்த பதில் என்னிடம் இருக்கிறது. நாள் கணக்காகவே சொல்லலாம்.

மெக்சிகோ 1821இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. முதலில் அமைந்தது குடியரசு இல்லை, பேரரசு. அகுஸ்தீன் தே இதுர்பிதே என்ற படைத்தலைவர் 1822 ஜூலை 21 அன்று முடிசூடிக்கொண்டார். அவருடைய ஆணைப்படி அமைந்த சின்னத்தில் ஏரி, பாறை, கள்ளி, கழுகு எல்லாம் உண்டு. கழுகின் தலையில் கிரீடம். பாம்பு கிடையாது. அவர் காலத்து எட்டு ரியால் வெள்ளி நாணயத்தில் ஒரு பக்கம் அவர் தலை, மறுபக்கம் முடிசூடிய கழுகு.

1823 மார்ச் 19 அன்று இதுர்பிதே பதவி துறந்தார். ஏப்ரல் 14 அன்று அரசியல் நிர்ணய சபை புதிய சின்னத்துக்கு ஆணை பிறப்பித்தது. இடையில் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆணையின் சாரம் இது: கழுகு இடது காலைக் கள்ளியின்மேல் ஊன்றி நிற்க வேண்டும்; வலது காலால் ஒரு பாம்பைப் பற்றி அலகால் அதைக் கிழிக்கும் நிலையில் இருக்க வேண்டும்; இரு பக்கமும் ஒரு லாரல் கிளையும் ஒரு ஓக் கிளையும் வர வேண்டும். கிரீடம் போன இடம் தெரியவில்லை.

1823 என்று பொறித்த இரண்டு வகை எட்டு ரியால் நாணயங்கள் உண்டு. ஒன்றில் இதுர்பிதேயின் கழுகு கிரீடத்தோடு நிற்கிறது. மற்றொன்றில் குடியரசின் கழுகு பக்கவாட்டில் கழுத்தை வளைத்துப் பாம்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வளைவை வைத்துச் சேகரிப்பாளர்கள் அதைக் கொக்கிக் கழுத்துக் கழுகு என்பார்கள். 1825 வரைதான் அடித்தார்கள், விலை எட்டாத உயரம். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தலையிலிருந்து கிரீடம் இறங்கியதும் வாயில் பாம்பு ஏறியதும் ஒரே ஆண்டுக்குள் நடந்தது தெரியும்.

அதற்குப் பிறகு வந்த குடியரசு நாணயத்தில் கழுகு நேராக நம்மைப் பார்த்துச் சிறகை விரித்து நிற்கும், பாம்பு அலகில் தொங்கும். மறுபக்கம் கதிர் வீசும் சுதந்திரத் தொப்பி. இந்த வெள்ளி சீனா வரை புழங்கியது.

கட்டியக்காரன்

> ஒரே ஆண்டுக்குள் நடந்தது தெரியும்

நாணயத்துக்கு அது சரி. சின்னத்துக்கு அவ்வளவு எளிதாக முடித்துவிட முடியாது, அண்ணா. 1823 ஆணையிலேயே ஒரு சொற்றொடர் இருக்கிறது. விடுதலைக்காக முதலில் போராடியவர்களின் அரசு பயன்படுத்திய வடிவத்தையே பின்பற்றுகிறோம் என்று சபை சொல்கிறது. அதாவது நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இதுர்பிதே கைவிட்டதை மீட்கிறோம் என்பது அவர்கள் வாதம். பாம்பு அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்திருக்கிறது.

எவ்வளவு முன்பு? தியேகோ துரான் என்ற தொமினிக்கத் துறவி 1581இல் முடித்த வரலாற்று நூலில் ஒரு படம் இருக்கிறது. கள்ளியின்மேல் கழுகு, வாயில் பாம்பு, அப்பட்டமாக. அந்தப் படத்துக்கும் 1823க்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு இருக்கிறது.

கல்லெழுத்து

துரானின் படம் உண்மை. ஆனால் அதே நூலின் எழுத்தைப் படித்தீர்களா? கழுகு வெயிலுக்குச் சிறகை விரித்துக்கொண்டிருந்தது, அதன் நகங்களில் ஒளிவீசும் விலைமதிப்பற்ற இறகுகள் கொண்ட அழகிய பறவை ஒன்று இருந்தது என்று எழுதுகிறார். எழுத்தில் பறவை, படத்தில் பாம்பு! ஏசுசபைத் துறவி ஹுவான் தே தொவாரின் சுவடி கிட்டத்தட்ட அதே காலத்தது. அதில் படத்திலேயே கழுகு தின்பது ஒரு பறவையைத்தான்.

வரிசையாக வைத்துப் பாருங்கள். கல்லில் போர்க்குறி. மெந்தோசாவில் வெறும் அலகு. தொவாரில் பறவை. துரானின் எழுத்தில் பறவை, படத்தில் பாம்பு. பதினாறாம் நூற்றாண்டு முடியும் வரைகூடக் கழுகு என்ன தின்றது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பாம்பு பல வடிவங்களில் ஒன்று. போட்டியில் அது ஏன் வென்றது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

குதர்க்கி

வென்றதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பாதிரியாருக்குப் பாம்பு என்றால் சாத்தான். கழுகு பாம்பை மிதித்தால் நன்மை தீமையை வென்றது. ஏதேன் தோட்டத்தை ஏரிக்கரைக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கட்டியக்காரன்

இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கும் விளக்கம் இது. அதோடு இன்னொன்றும் சேர்ந்தே வரும்: தெசோசோமோக் என்பவர் மெஷீக்காக்களின் மொழியான நவாட்டிலில் எழுதிய நூலில் "பாம்பு சீறும் இடம்" என்று இருந்ததை யாரோ தவறாகப் பெயர்த்துவிட்டார்களாம், துரான் அதை நம்பிப் பாம்பைக் கிழிபட வைத்துவிட்டாராம். ஆண்டுகளைப் பார்த்தால் இது நிற்காது. தெசோசோமோக் தம் நூலை எழுதியது 1598க்கும் 1609க்கும் இடையில். துரான் முடித்தது 1581இல். பின்னால் வந்த நூலை முன்னால் வந்தவர் எப்படித் தவறாகப் படிப்பார்? இருவருக்கும் பொதுவான மூலநூல் ஒன்று இருந்து தொலைந்துபோயிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுவது உண்மை. அதற்காக இந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று. துரான் நூலின் படங்களை வரைந்தது துரான் இல்லை, உள்ளூர் ஓவியர்கள். பாம்பைத் திணித்தது ஸ்பானியக் கை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அதையும் யோசிக்க வேண்டும்.

கல்லெழுத்து

ஆண்டுக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. அந்தப் பெயர்ப்புக் கதையை நானும் ஏற்கவில்லை. ஆனால் ஓவியர் உள்ளூர்க்காரர் என்பதால் கருத்தும் உள்ளூர்க் கருத்தாகிவிடாது. மடாலயப் பள்ளியில் அறுபது ஆண்டுகள் கிறித்தவ ஓவியங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது.

மெஷீக்கா மரபில் பாம்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். கெட்சால்கோவாட்ல் இறகு முளைத்த பாம்பு. அறிவும் படைப்பும் அந்தத் தெய்வத்தோடு சேர்ந்தவை. ஹுயிட்சிலோபோச்ட்லியின் தாய் கோவாட்லிக்குவே பாம்புகளால் நெய்த பாவாடை அணிந்தவள். அவன் பிறந்த மலையின் பெயரே பாம்பு மலை. தெனோச்டிட்லானின் பெருங்கோயில் படிக்கட்டுகளின் அடியில் இரு பக்கமும் கல் பாம்புத் தலைகள். அந்தக் கோயிலே பாம்பு மலையின் நகல். தான் பிறந்த மலையின் பாம்பைத் தெய்வமே கொத்திக் கிழிக்கிறது என்று அவர்கள் ஓர் அடையாளத்தை வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தோற்ற எதிரியைக் குறிக்க அவர்களிடம் வேறு படிமங்கள் இருந்தன. அந்தக் கள்ளிக் கதையிலேயே ஒன்று இருக்கிறது.

தெய்வத்தின் தமக்கை மகன் கோப்பில் தன் தாய்க்காகப் பழிவாங்க வந்தான். அவனைக் கொன்று இதயத்தைப் பிடுங்கி ஏரியின் நாணல் புதருக்குள் எறிந்தார்கள். அந்த இதயம் விழுந்த இடத்தில்தான் கள்ளி முளைத்தது. கல் சிற்பத்தில் பழங்கள் ஏன் இதயங்களாக இருக்கின்றன என்று இப்போது புரியும். கழுகு கொத்தித் தின்ன வேண்டியது கள்ளிப் பழத்தை, அதாவது பலி கொடுத்தவர்களின் இதயத்தை. சூரியனுக்கு உணவு அது. இந்தச் சின்னத்தின் பழைய பொருள் இவ்வளவு பயங்கரமானது. பள்ளிப் பிள்ளைகள் கொடிக்கு வணக்கம் வைக்கும்போது இதை யாரும் விளக்குவதில்லை என்பது நல்லதுதான்.

வடகரையான்

இப்படி ஒரு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஸ்பானிய ஆட்சியின் முந்நூறு ஆண்டுகளில் இந்தக் கழுகை எப்படி விட்டுவைத்தார்கள்? பலியோடு தொடர்புள்ள குறி என்று தெரிந்தால் அழித்திருக்க வேண்டுமே?

கட்டியக்காரன்

முயற்சி செய்தார்கள். 1523இல் ஐந்தாம் சார்லஸ் மன்னர் மெக்சிகோ நகரத்துக்குக் கொடுத்த சின்னத்தில் கழுகே கிடையாது. நீர்மேல் தங்கக் கோட்டை, அதற்குப் பாலங்கள், கோட்டையைப் பிடித்து நிற்கும் இரண்டு சிங்கங்கள். கள்ளி இலைகள் பத்து, விளிம்பில் அலங்காரமாக ஒதுங்கிக் கிடக்கின்றன. தோற்ற நகரத்துக்கு அவ்வளவுதான் இடம். ஆனால் நகரத்தார் அந்தக் கேடயத்தின் தலைமேல் மெல்லக் கழுகைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். 1642இல் ஆயரும் வைசிராயுமான ஹுவான் தே பாலஃபோக்ஸ் அந்தக் கழுகை எடுத்துவிட்டுக் கிறித்தவ உருவம் வைக்கச் சொன்னார். அது பலிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் கழுகைக் காப்பாற்றியது இன்னொரு பாதிரியார். 1648இல் மிகேல் சாஞ்செஸ் குவாடலூப்பே மாதா பற்றி ஒரு நூல் வெளியிட்டார். விவிலியத்தின் வெளிப்பாட்டு நூலில் ஒரு பெண்ணுக்குப் பெருங்கழுகின் சிறகுகள் கொடுக்கப்படுவதாக வரும். அந்தப் பெண்ணைத் துரத்துவதும் ஒரு பாம்புதான். மாதாவையும் மெக்சிகோவின் கழுகையும் அவர் அந்த அதிகாரத்தின் வழியாக ஒன்றோடு ஒன்று பிணைத்துவிட்டார். அதன்பின் கழுகின்மேல் மாதா நிற்கும் ஓவியங்கள் வரத் தொடங்கின. கோயிலுக்குள் போய்விட்ட பறவையை யார் துரத்துவது?

குதர்க்கி சொன்னதில் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. பாம்பு வென்றதற்குக் கிறித்தவ வாசிப்பு உதவியது. ஆனால் அது திணிப்பாக நடக்கவில்லை. இந்த மண்ணில் பிறந்த வெள்ளையரும் கலப்பினத்தவரும் ஸ்பெயினிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட அதைப் பிடித்துக்கொண்டார்கள். விடுதலைப் போரில் பாதிரியார் மொரேலோசின் கொடியிலும் கள்ளிமேல் கழுகு உண்டு. கீழே மூன்று வளைவுப் பாலம், மாதா வாழ்க என்பதன் முதலெழுத்துகள்.

பறவைநோக்கி

பாம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். கழுகு எது என்று யாரும் கேட்கவில்லையே?

மெக்சிகோவில் எல்லோரும் சொல்வது பொன்னாங்கழுகு. மலைகளிலும் வறண்ட சமவெளிகளிலும் வாழ்வது, முக்கிய உணவு முயல். அதற்கு எதிராக ரஃபாயெல் மார்தின் தெல் காம்போ என்ற உயிரியலாளர் ஒரு வாதம் வைத்தார். சுவடிகளில் வரைந்திருப்பது காரகாரா என்றார். அது கழுகு இனமே இல்லை, வல்லூறு குடும்பத்தைச் சேர்ந்தது. தலையில் கறுப்புத் தொப்பி, முகத்தில் செம்மஞ்சள் தோல், தரையில் நீளக் கால்களால் நடந்து திரியும். செத்தது, உயிரோடிருப்பது, பாம்பு, எதையும் விடாது. சதுப்பு நிலத்தில் கள்ளிமேல் உட்கார்ந்து பாம்பு தின்பதற்குப் பொன்னாங்கழுகைவிட இதுதான் பொருத்தம் என்பது அவர் கட்சி.

நான் களத்தில் இறங்கிப் பறவை பார்ப்பவள். பழக்கத்தை வைத்துப் பார்த்தால் காரகாரா பக்கம்தான் சாய்வேன்.

கல்லெழுத்து

அக்கா, அந்த வாதம் பாம்பு முதலிலிருந்தே இருந்தது என்ற எண்ணத்தின்மேல் நிற்கிறது. பாம்பை எடுத்துவிட்டால் காரகாராவுக்கு வேலை குறைந்துவிடுகிறது. மண்ணுக்கு அடியில் கிடைப்பதோ பொன்னாங்கழுகு. பெருங்கோயில் வளாகத்தில் 1978 முதல் அகழாய்வு நடக்கிறது. அங்கே காணிக்கைக் குழிகளில் பொன்னாங்கழுகுகளின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. 2021 தொடக்கத்தில் அதே வளாகத்தின் தரைக்கல்லில் செதுக்கிய ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கழுகுச் சிற்பத்தை அறிவித்தார்கள். அதையும் பொன்னாங்கழுகு என்றுதான் அடையாளம் கண்டிருக்கிறார்கள். சூரியனுக்கு மிக உயரத்தில் பறப்பதைத்தானே ஒப்பாக்குவார்கள்? தரையில் நடந்து எச்சில் பொறுக்குவதையா?

பறவைநோக்கி

எச்சில் பொறுக்குவது என்று இழிவாகச் சொல்லாதே தம்பி, பொன்னாங்கழுகும் செத்த பிராணியைத் தின்னும்! மற்றபடி எலும்புச் சான்று வலுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோயிலில் புதைத்த பறவை எது என்பதற்கு அது விடை. சுவடியில் வரைந்த பறவை எது என்பதை அது தீர்த்துவைக்காது.

மருதநிலம்

கள்ளிக்கு ஆளில்லையா? நான் வருகிறேன்.

நம் ஊரில் சப்பாத்திக்கள்ளியைப் பார்த்துப் பார்த்து அது நம் செடி என்றே நினைத்திருக்கிறோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது அது. மெக்சிகோவில் இலைத்தண்டைச் சமைக்கிறார்கள், பழத்தைத் தின்கிறார்கள். மூன்றாவது பயன்தான் ஸ்பானியர்களைக் கொழிக்க வைத்தது: அந்தக் கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து அரைத்தால் கிடைக்கும் சிவப்புச் சாயம்.

இதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இந்தச் சாயத்துக்காகவே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியின் மெக்சிகோப் பெயரான நோபால் என்பதை வைத்தே அந்தத் தோட்டத்தை அழைத்தார்கள். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்தது. வந்தது நல்ல சாயம் தரும் வகை இல்லை, தரம் குறைந்த வேறு வகை. சாயத் தொழில் படுத்துவிட்டது. அந்தப் பூச்சி மட்டும் ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்துக்கொண்டே போனது. பின்னாளில் தென்னிந்தியாவில் கள்ளியை ஒழிக்க அதையே வேண்டுமென்று பரப்பினார்கள்.

ஆதிக்குமரி ஐயா கேட்ட தமிழ்நாட்டுத் தொடர்பு இதுதான். வந்த திசை மட்டும் வேறு.

ஆதிக்குமரி

சைதாப்பேட்டைத் தோட்டம் பற்றி அறிந்ததில்லை. நன்றி அம்மா. காணொளியைப் பற்றி வேறு இழையில் பேசிக்கொள்கிறேன்.

நீதிமன்ற நடை

எல்லோரும் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள். "மாறாமல் நிற்கிறது" என்பதை உடைக்கப் பின்னால் வந்த இரண்டு நூற்றாண்டுகளே போதும். யார் ஆட்சிக்கு வந்தாலும் முதல் வேலையாகக் கழுகுக்குக் கை வைத்திருக்கிறார்கள்.

ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்சிமிலியன் 1864இல் பிரெஞ்சுப் படையின் தோளில் ஏறிப் பேரரசராக வந்தார். கழுகுக்கு மீண்டும் கிரீடம். கேடயத்தை இருபுறமும் தாங்க ஆஸ்திரியாவிலிருந்து இரண்டு கிரிஃபின்கள், சிங்க உடலும் கழுகுத் தலையும் கொண்டவை. பாம்பை எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குள் அது நிலைத்துவிட்டது. 1867 ஜூன் 19 அன்று கெரேத்தாரோவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கிரிஃபின்கள் கிரீடத்தோடு மறைந்தன.

அதிபர் போர்ஃபிரியோ தியாஸ் காலத்தில் கழுகு பிரெஞ்சு மோஸ்தருக்கு மாறியது. நேராக நின்று, சிறகை அகல விரித்து, மாளிகை முகப்பில் வைத்த அலங்காரப் பொம்மையைப் போல இருக்கும். புரட்சி வந்து அவரைத் துரத்தியது. 1916இல் புரட்சித் தலைவர் வெனுஸ்தியானோ கர்ரான்சா ஆணை போட்டுக் கழுகைத் திருப்பிப் பக்கவாட்டில் நிறுத்தினார். ஐரோப்பிய மாதிரி வேண்டாம், சுவடிகளிலும் கற்களிலும் இருக்கும் மெஷீக்காக் கழுகு வேண்டும் என்பதுதான் நோக்கம். 1934இல் மறுபடி ஒரு திருத்தம். இப்போது நாம் பார்ப்பது பிரான்சிஸ்கோ எப்பென்ஸ் எல்கேரா வரைந்தது. சுவரோவியர், மெக்சிகோ பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் வெளிச்சுவரில் இருக்கும் பெரிய ஓவியமும் அவருடையதே. 1968இல், ஒலிம்பிக் நடந்த ஆண்டில், அவர் வடிவம் நடைமுறைக்கு வந்தது. மேலே இருக்கும் கழுகு ஓரளவு இயற்கையானது. கீழே பாறையையும் நீரையும் அவர் சுவடிகளின் பாணியில் கட்டம் கட்டி, சங்கு உருவங்களோடு வரைந்திருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிக் கீழ்ப்பகுதியை மட்டும் பாருங்கள், இரண்டு ஓவிய மரபுகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

எழுநூறு ஆண்டுச் சின்னத்தின் இன்றைய உருவம் என்னைவிட இளையது.

குதர்க்கி

அரைக் கழுகை விட்டுவிட்டீர்களே.

நீதிமன்ற நடை

விடவில்லை, அதற்குத்தான் வருகிறேன். 1984இல் சின்னம், கொடி, நாட்டுப்பண் மூன்றுக்கும் சேர்த்து ஒரு சட்டம் வந்தது. கழுகு எப்படி இருக்க வேண்டும் என்று அதன் இரண்டாம் பிரிவு இறகு இறகாக வருணிக்கிறது: இடது பக்கம் தெரிய வேண்டும், சிறகின் மேல்நுனி கொண்டையைவிட உயரமாக இருக்க வேண்டும், போருக்கு ஆயத்தமான தோரணையில் சற்றே விரிந்திருக்க வேண்டும், இப்படியே போகும். நாட்டின் மூன்று அதிகாரங்களும் சான்றளித்த மூல மாதிரிகள் மூன்று. ஒன்று தேசிய ஆவணக் காப்பகத்தில், ஒன்று தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில், ஒன்று நாணயச் சாலையில். சின்னத்தை எங்கே அச்சிட்டாலும் அந்த மாதிரியோடு பொருந்த வேண்டும்.

இப்படி ஒரு சட்டம் இருக்கும்போதே 2000இல் அதிபரான விசென்தே ஃபோக்ஸ் தம் அரசின் அடையாளமாகக் கழுகின் மேல்பாதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார். கீழே கள்ளியும் பாறையும் இருக்கும் இடத்தில் ஒரு வண்ணக் கோடு. மக்கள் அதற்கு வெட்டுப்பட்ட கழுகு என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஆறு ஆண்டுகள் அரசுக் கடிதத் தாள்களில் அது பறந்தது. அவர் போனதும் அதுவும் போனது.

பறவைநோக்கி அம்மாவுக்கு ஒரு செய்தி. இவ்வளவு நுணுக்கமாக எழுதிய சட்டம் பறவையின் இனத்தைச் சொல்லவில்லை. "மெக்சிகோக் கழுகு" என்பதோடு நிறுத்திக்கொண்டது. பாம்புக்கும் அப்படியே, வளைந்த பாம்பு, அவ்வளவே.

பறவைநோக்கி

சட்டம் எழுதியவர் புத்திசாலி. காரகாராவும் மெக்சிகோவில்தான் இருக்கிறது.

வடகரையான்

கடைசியாக ஒன்று. கீழே இருக்கும் இரண்டு கிளைகளில் ஓக் எது, லாரல் எது? சில படங்களில் இரண்டும் ஒரே மாதிரி இலையாக இருக்கின்றன.

நீதிமன்ற நடை

கழுகின் முகத்துக்கு எதிரே, அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கம் இருப்பது ஓக். வால் பக்கம் இருப்பது லாரல். ஓக் வலிமைக்கு, லாரல் வெற்றிக்கு என்று விளக்கம் சொல்வார்கள். இரண்டும் ஐரோப்பியக் குடியரசுகளின் பழக்கம், 1823 ஆணையோடு வந்தவை. கீழே கட்டியிருக்கும் நாடாவில் பச்சை, வெள்ளை, சிவப்பு இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே இலை போட்ட படம் கண்ணில் பட்டால் அது கடைக்காரர் சின்னம், அரசுச் சின்னம் இல்லை.

நாணயப்பிரியன்

பத்தொன்பதாம் நூற்றாண்டு நாணயங்களில் இந்த இலைகள் ஒவ்வோர் அடிப்பகத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சகாதேகாஸ், குவானாஹுவாதோ, மெக்சிகோ நகரம் என்று ஊருக்கு ஊர் தனி அச்சு, தனிக் கை. ஒரு ஊர்க் கழுகு கொழுத்திருக்கும், இன்னொரு ஊரில் கோழிக்குஞ்சு போல மெலிந்திருக்கும். பாம்பு சில இடங்களில் புழு அளவுதான். யாருக்காவது ஆர்வம் இருந்தால் நாணயப் பிரிவில் தனி இழை தொடங்கிப் படங்களைப் போடுகிறேன்.